ஆள் பெரிசா, ஆட்டம் பெரிசா?

கோவில்பட்டியில் சில நாள் ஹாக்கி ஆட்டத்தைவிட, வேலிக்கு வெளியே நடக்கும் விவாதம் சுவாரசியமாக இருக்கும். பிள்ளைகளுக்கான தேர்வு நாள் என்றால் கேட்கவே வேண்டாம். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டுமென்று காலையிலேயே விசில் ஊதிவிடுவார்கள். உள்ளே பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன்கள் ஸ்டிக்கோடு ஓடுகிறார்கள். வெளியே, ஒரு காலத்தில் பள்ளிக்கோ மில்லுக்கோ ஆடியவர்கள், கையில் டீ கிளாசோடு தீர்ப்பு எழுதுகிறார்கள்.

"அந்த நெட்டையனப் பாரும் அண்ணாச்சி. பந்த வாங்குனாம்னா ரெண்டு பேரத் தள்ளிக்கிட்டுப் போறான். இவன எடுக்காம யார எடுப்பாக?"

"நெட்டையா இருந்தா ஆச்சா? அந்தச் சின்னப் பயலப் பாரும். பந்து வர்றதுக்கு முந்தியே ரெண்டு பக்கமும் தலையத் திருப்பிப் பாத்துக்கிடுதான். அவனுக்கு ஆட்டம் தெரியுது."

"தெரிஞ்சு என்ன செய்ய? ஒரு இடி இடிச்சா ரோட்டுல வந்து விழுவான்."

இந்தச் சண்டை கரிசல்காட்டுக்கு மட்டும் சொந்தமானதில்லை. ஆஸ்திரேலியாவில் முட்டை வடிவப் பந்தை உதைத்தும் கையால் தட்டியும் ஆடுகிற அவர்களுடைய சொந்தக் கால்பந்து ஒன்று உண்டு. இளைஞர்களைக் கிளப்புகள் வரிசைப்படி பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் முறை 1986இல் அங்கே வந்தது. அந்தப் பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. எந்தப் பையன் எத்தனையாவதாகப் போவான் என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். 1990இல் ஜேம்ஸ் ஹேர்ட் என்ற பையனை எசென்டன் கிளப் 79ஆவது ஆளாகத்தான் எடுத்தது. ஆறே ஆண்டில் அவர் அந்த ஆட்டத்தின் உயர்ந்த தனிநபர் விருதான பிரவுன்லோ பதக்கத்தை வாங்கினார். அவருக்கு முன்னால் 78 பெயர்களைச் சொன்னவர்கள் எல்லாருமே அந்தத் தொழிலில் ஊறியவர்கள்தான்.

நம் பக்கத்தில் அப்படி ஒரு வரிசை கிடையாது. இங்கே முதல் வாசல் விளையாட்டு விடுதித் தேர்வு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேரும் பிள்ளைகளை மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு என்று வடிகட்டி எடுக்கிறது. கோவில்பட்டியில் ஹாக்கிக்கென்றே சிறப்பு விடுதி இருக்கிறது. செயற்கைப் புல்தரையும் இருக்கிறது. அதற்கப்புறம் மாநில அணி, இந்திய முகாம். இப்போது ஏலமும் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் மூன்று நாள் நடந்தபோது, இந்திய அணியின் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்ச ரூபாய்க்குப் போனார். தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி. அதில் கார்த்தி செல்வத்தின் பெயர் இருந்தது.

கார்த்தி செல்வத்தின் ஊர் அரியலூர். ஆனால் ஆட்டம் முற்றியது கோவில்பட்டி விடுதியில் என்பதால் இந்த ஊர் அவரைத் தன் பிள்ளை என்றே சொல்லும். மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பிள்ளையேதான். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இருவருமே இருந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், இந்தியாவுக்காக ஆடும் தன் முதல் ஆட்டத்திலேயே, ஒன்பதாவது நிமிடத்தில் கார்த்தி கோல் போட்டார். அன்றிலிருந்து வேலிக்கு வெளியே நடக்கும் விவாதத்துக்குச் சூடு கூடிவிட்டது. 'அடுத்தது யார்' என்பது இப்போது வெறும் பேச்சில்லை.

சரி, அடுத்தது யார் என்று பன்னிரண்டு வயதில் கண்டுபிடிக்க முடியுமா? அதைத்தான் ஐம்பது ஆண்டாக விஞ்ஞானிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் திடுக்கிடல் கனடாவிலிருந்து வந்தது. பனித்தரை ஹாக்கி அங்கே கிட்டத்தட்ட மதம். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1985இல் ஆட்டக்காரர்களின் பிறந்த தேதிகளை எடுத்து அடுக்கிப் பார்த்தார்கள். மேல்மட்ட இளையோர் அணிகளில் சுமார் நாற்பது விழுக்காட்டினர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் பத்து விழுக்காடு அளவில்தான். சோதிடம் இல்லை. அங்கே வயதுப் பிரிவின் கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஜனவரி 2இல் பிறந்தவனும் டிசம்பர் 30இல் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் ஒரு வருஷம் என்பது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. கொஞ்சம் கூடுதல் எடை, கொஞ்சம் நீண்ட கால். அந்த ஜனவரிப் பையனைப் பயிற்சியாளர் 'திறமைசாலி' என்று எடுக்கிறார். எடுத்ததால் நல்ல பயிற்சி, நல்ல தரை, அதிக ஆட்டம். மூன்று வருஷம் கழித்து அவன் நிஜமாகவே திறமைசாலியாகிவிடுகிறான். எடுத்தவர் தன் கண்ணைத் தானே மெச்சிக்கொள்கிறார்.

இதற்கு அடுத்த கட்டம் இன்னும் வேடிக்கை. அமெரிக்கா, கனடா கிளப்புகள் ஆடும் என்.எச்.எல். போட்டிக்கும் ஆஸ்திரேலியா மாதிரி ஆள் எடுக்கும் நாள் உண்டு. 1980 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படி எடுக்கப்பட்ட கனடா வீரர்களை ராபர்ட் டீனர் குழு 2013இல் கணக்குப் பார்த்தது. எடுக்கப்பட்டவர்களில் 36 விழுக்காடு ஜனவரி–மார்ச் பிள்ளைகள். ஆனால் பின்னால் ஆடிய ஆட்டங்களில் அவர்கள் பங்கு 28 விழுக்காடு. எடுத்த புள்ளிகளில் 25. ஆண்டின் பின்பாதியில் பிறந்தவர்கள் எடுக்கப்பட்டவர்களில் 34 விழுக்காடுதான். ஆட்டங்களில் 42, புள்ளிகளில் 44. கோடிக்கணக்கில் பணம் போட்டு, ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள், வரிசையாகப் பெரிய பையனையே கூடுதலாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் பதினெட்டு வயதில், உயரமெல்லாம் ஏறக்குறைய நின்றுபோன பிறகு. பழைய மதிப்பு ஆளோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் உதைக்கும். காரணம், நம் பிறந்த தேதிகள். நடுவயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேருக்குச் சான்றிதழில் மே, ஜூன் மாதமென்று கேட்டுப் பாருங்கள். அந்த மாதங்களில் அத்தனை பிரசவம் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் போட்ட தேதி அது. தேதி தெரியாத பிள்ளைக்கு ஒரு சோதனை இருந்தது: வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா.

பாமரச் சோதனை என்று அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. பிறக்கும்போது குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால்பங்கு. வளர்ந்த ஆளுக்கு எட்டில் ஒன்று அளவுக்கு வந்துவிடும். தலை மெதுவாகவும் கைகால் வேகமாகவும் வளர்வதால், கை தலையைச் சுற்றி மறுபக்கக் காதை எட்டுவது பெரும்பாலும் ஆறு வயதை ஒட்டித்தான். காகிதத்தில் எழுதிய வயதை விட்டுவிட்டு உடம்பு எத்தனை வயது என்று அந்த ஆசிரியர் அளந்திருக்கிறார். வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் இதை உயிரியல் வயது என்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரியிலேயே பிரசவம், பிறப்புச் சான்றிதழும் கையோடு. ஆகவே கனடாவின் மாதக் கணக்கு இன்றைய பிள்ளைகளுக்குப் பொருந்தத் தொடங்கியிருக்கும்.

மாதத்தைவிடப் பெரிய குழப்பம் உடம்புக்குள் இருக்கிறது. பையன்களுக்கு உயரம் அதிவேகமாக ஏறும் பருவம் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி வருகிறது; அந்த ஒரு வருஷத்தில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் வளர்கிறார்கள். பெண்களுக்கு அது இரண்டு வருஷம் முந்தியே வந்துவிடும். இதெல்லாம் சராசரி. தனித்தனிப் பிள்ளையைப் பார்த்தால் சிலருக்குப் பன்னிரண்டிலேயே ஏறிவிடும். சிலருக்குப் பதினாறு ஆகும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களுக்குள் உடம்பு வயதில் நாலைந்து வருஷ இடைவெளி இருக்கலாம். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருவன் குரல் இன்னும் உடையாதிருக்கும். முன்கூட்டியே வளர்ந்தவனுக்குத் தசை, வேகம், இடிக்கும் பலம் எல்லாம் அந்த இரண்டு வருஷத்துக்கு இலவசம். அதற்கப்புறம் மற்றவன் வந்து எட்டிப்பிடிப்பான், சில சமயம் தாண்டியும் போவான். ஆனால் தேர்வு அந்த இரண்டு வருஷத்துக்குள் முடிந்துபோயிருக்கும்.

கரிசல்காட்டில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். இரண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று தெரியாமல் விலை பேச மாட்டார். நாலு பல் காளையை இரண்டு பல் காளையோடு நிறுத்தி 'இதுதான் பலசாலி' என்று சொல்பவரைத் தாவணியில் யாரும் மதிக்க மாட்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி நம்மை விட்டுப் போய்விடுகிறது.

பிள்ளைகளுக்குப் பல்லுக்குப் பதில் மணிக்கட்டு. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் சிறு எலும்புகள் எத்தனை உருவாகியிருக்கின்றன, நீள எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு எவ்வளவு மூடியிருக்கிறது என்று தெரியும். டானர்–வைட்ஹவுஸ் என்ற அந்த முறையின் மூன்றாம் வடிவத்தைத்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியம் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் பயன்படுத்துகிறது. ஃபிஃபா 2009 முதல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. ஆனால் இவை வயது மோசடி செய்பவனைப் பிடிக்க வந்தவை. நேர்மையான பையன் மெதுவாக வளர்வதால் படும் பாட்டுக்கு இவற்றால் நேரடி உதவி இல்லை.

பாடு என்று சொல்லக் காரணம் உண்டு. உயரம் சடசடவென்று ஏறும் மாதங்களில் முதலில் பாதம் நீள்கிறது, பிறகு கால், கடைசியில்தான் முண்டம். ஷூ கடிக்கும். தைத்து ஆறு மாதமான பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கும். முழங்காலுக்குக் கீழே, தசைநார் எலும்பில் பிடித்திருக்கும் இடத்தில் ஒரு புடைப்பு வந்து தொட்டாலே வலிக்கும். போன வருஷம் குனிந்து பந்தை ஒட்டி எடுத்துக்கொண்டு போனவனுக்கு இந்த வருஷம் ஸ்டிக் குட்டையாகத் தெரியும்; பந்து காலில் படும். 'பய கெட்டுட்டான், செல்போன் பாக்குறான்' என்று வேலிக்கு வெளியே ஒருவர் சொல்லிவிடுவார். புது நீளத்துக்கு மூளை கணக்குப் போட்டு முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, சொல்லவே சங்கடமாக இருக்கிறது. ஊட்டம் குறைந்த பிள்ளைகளுக்குப் பூப்பும் வளர்ச்சியும் தள்ளிப்போகும். தீப்பெட்டி ஆபீசில் கூலிக்கு நிற்கும் வீட்டுப் பிள்ளையையும், முட்டையும் பாலும் தட்டாமல் கிடைக்கிற வீட்டுப் பிள்ளையையும் பதின்மூன்றாவது வயதில் ஒன்றாக நிறுத்தி நூறு மீட்டர் ஓடவிட்டால், அளக்கப்படுவது கால் மட்டுமில்லை, சமையலறையும்தான்.

இனி அந்தச் சின்னப் பயலுக்கு வருவோம். 'ஆட்டம் தெரியுது' என்று பெரியவர் சொன்னாரே, அது வெறும் வாய்ப்பேச்சா?

கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஸ்டார்க்ஸ் 1987இல் இதைச் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது பனித்தரை ஆட்டத்தை அல்ல, நம் ஹாக்கியையே. கனடா நாட்டுப் பெண்கள் அணி, பல்கலைக்கழக அணி, ஆட்டத்துக்குப் புதியவர்கள் என்று மூன்று கூட்டம். விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்கும் வேகம், நகரும் பொருளைக் கண் பிடிக்கும் கூர்மை என எல்லாவற்றையும் அளந்தார். அந்த வேகத்திலெல்லாம் நாட்டு அணிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அப்புறம் ஒரு சோதனை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் படத்தைச் சில நொடிகள் காட்டிவிட்டு மறைத்தார். யார் எங்கே நின்றார்கள் என்று பலகையில் வைத்துக் காட்டச் சொன்னார். நாட்டு அணியினர் கிடுகிடுவென்று வைத்தார்கள். ஆட்டம் நின்று எல்லாரும் ஒழுங்கில்லாமல் நடந்து திரியும் படத்தைக் காட்டியபோது அந்தத் திறமை காணாமல் போனது. சதுரங்கக்காரர்களிடம் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973இல் கண்டதும் இதேதான். தேர்ந்தவர் இருபத்திரண்டு ஆட்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. நாலைந்து கோலங்களாகப் பார்க்கிறார்.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள். அரைவட்டத்தின் உச்சி கோலிலிருந்து 14.63 மீட்டர். ஸ்டிக்கால் பந்தை இழுத்து எறியும் நல்ல டிராக் ஃப்ளிக் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். பந்து கோலுக்கு வர அரை நொடிகூட ஆகாது. கண்ணில் பட்டதற்குக் கை அசையவே ஐந்தில் ஒரு நொடி போய்விடுகிறது. மிச்சமிருக்கும் நேரத்தில் கீப்பர் உடம்பை எறிய வேண்டும். ஆகவே அடிப்பவரின் தோளும் இடுப்பும் திரும்பும்போதே கீப்பர் பந்தின் திசையைப் படித்திருக்க வேண்டும். களத்தின் நடுவில் ஆடுபவருக்கும் இதே கதைதான். நார்வேயின் கெய்ர் யோர்டே இங்கிலாந்துக் கால்பந்து வீரர்களை அருகில் படமெடுத்துப் பார்த்தார். பந்து தன்னிடம் வருவதற்கு முந்தைய நொடிகளில் அதிகமுறை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்த்தவர்களே பந்தை முன்னோக்கிச் சரியாகக் கொடுத்தவர்கள். இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிய அந்தச் சின்னப் பயலிடம் பெரியவர் கண்டது இதைத்தான்.

சின்னவனாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. இடித்துப் போக முடியாதவன் இடிபடாமல் போகும் வழியைக் கற்றாக வேண்டும். பந்தை முந்தியே விடுவான், இடத்தைத் தேடி நிற்பான், ஏமாற்றப் பழகுவான். மற்றவர்களுக்கு நிகராக உடம்பு வந்து சேரும்போது இந்தக் கல்வி மிச்சமாகக் கையில் இருக்கும். பின்பாதி மாதப் பிள்ளைகள் கடைசியில் கூடுதல் புள்ளி எடுத்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் இதைச் சொல்லிச் சின்னப் பையன்களை ஆறுதல்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கணக்கு கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. பதின்மூன்றில் 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்று அனுப்பப்பட்டு, ஸ்டிக்கைப் பரணில் போட்டவர்கள் எந்த அட்டவணையிலும் வர மாட்டார்கள்.

என்னதான் செய்வது? இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகள் ஒன்றைச் செய்து பார்த்தன. ஹாரி காமிஸும் அலெக்ஸ் ரோஷும் 1994இல் கொடுத்த முறைப்படி, பையனின் வயது, உயரம், எடை, தாய் தந்தையின் சராசரி உயரம் ஆகியவற்றைக் கொண்டு அவன் கடைசியில் எவ்வளவு வளர்வான் என்று எக்ஸ்ரே இல்லாமலே மதிப்பிடலாம். அந்த உயரத்தில் 85இலிருந்து 90 விழுக்காட்டை எட்டியவர்களை, வயது எதுவானாலும், ஒரே பிரிவாக ஆடவிட்டார்கள். மெதுவாக வளர்ந்தவர்களுக்கு முதன்முறையாகப் பந்து கிடைத்தது. எதிர்பாராதது, முன்கூட்டியே வளர்ந்தவர்களும் இதை விரும்பினார்கள். இடித்துப் பழகியவர்கள் தங்களைவிட மூத்தவர்களோடு ஆடியபோது முதன்முறையாக யோசித்து ஆட வேண்டியிருந்ததாம்.

நம் மைதானங்களுக்கு அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. டேவிட் மான், ப்ளூன் வான் கின்னகென் என்ற இருவர் நெதர்லாந்தில் செய்த சோதனை, 2017இல் வெளியானது. திறமை தேடும் ஆட்களுக்குச் சிறுவர்களின் ஆட்டத்தைக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். வழக்கம்போல மூத்த பையன்கள் மேலே வந்தார்கள். பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்தும் காட்டினார்கள். பயனில்லை, அதே சாய்வு. கடைசியில் பனியனில் எண்ணை வயது வரிசைப்படி போட்டார்கள். பனியனைப் பார்த்தாலே யார் மூத்தவன், யார் இளையவன் என்று தெரியும். அந்த ஒரு மாற்றத்தில் சாய்வு மறைந்துபோனது. தகவல் தாளில் இருக்கும்போது உதவவில்லை. ஓடும் பையன் முதுகிலேயே இருந்தபோது கண் தானாகத் தள்ளுபடி செய்துகொண்டது.

தேர்வு நாளில் பனியன் எண் எப்படியும் கொடுக்கத்தான் போகிறார்கள். பதிவேட்டில் பிறந்த தேதியும் இருக்கிறது. வந்த வரிசைக்குக் கொடுப்பதை வயது வரிசைக்குக் கொடுத்தால் ஒரு காசு செலவில்லை; மேசையில் உட்காருகிறவருக்குக் கால் மணி நேரம் கூடுதல் வேலை. தாய் தந்தை உயரத்தையும் ஒரு கட்டத்தில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. நெட்டையனும் சின்னப் பயலும் அப்போதும் ஓடுவார்கள், அண்ணாச்சிகள் அப்போதும் ஒத்துப்போக மாட்டார்கள். என்ன, "இடிச்சா விழுந்துருவான்" என்று சொல்பவரிடம் எதிராளி இனி "அவன் நம்பரப் பாத்துட்டுப் பேசும்" என்பார்.